கடல் கடந்த செட்டாப் பாக்ஸ்: நெமிலி முகவரி, ஷார்ஜா மொட்டைமாடி பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரு டிடிஎச் இணைப்பு. பதிவேட்டில் பெயர் கணவனுடையது. கைபேசி எண் மனைவியுடையது. முகவரி கொசஸ்தலை ஆற்றங்கரையில் உள்ள நெமிலி, வேலூர் மாவட்டம். (2019 நவம்பர் 28 முதல் நெமிலி ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பதை அந்தப் பதிவேட்டுக்கு இதுவரை யாரும் தெரிவிக்கவில்லை.) டிஷ் இருப்பதோ ஷார்ஜாவில், ரோலா பக்கம் ஓர் ஐந்துமாடிக் கட்டடத்தின் உச்சியில். நெமிலி வீட்டில் ஓடுவது அரசு கேபிள். அப்படியானால் இந்த இணைப்பு எந்த ஊரைச் சேர்ந்தது? சங்கம் மருவிய காலம் எதுவென்று நூறாண்டாகச் சண்டை போடும் தமிழாய்வுலகம் இந்தக் கேள்வியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

இதில் வருபவர் யாருக்கும் பெயர் கிடையாது. அகப்பொருளில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் அண்மையில் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் அதே விதிதான். ஆகவே கணவன் தலைமகன். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் மனைவி தலைமகள். அவளுடைய மாமியார் செவிலி. மாமியாரைச் செவிலி என்பது மரபுக்குப் பொருந்துமா என்று புலவர்கள் கேட்கலாம். அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

திணை பாலை என்பதில் ஐயமில்லை. நிலம் மணல், பொழுது வேனில், உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள் தேடிப் பிரிந்த பிரிவு. கடல் கடந்து போகும்போது பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியர் வரையறுத்தார். மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் உள்ளவன் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்கிறது ஐக்கிய அரபு அமீரகம். நம் தலைமகன் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதால் அவன் விஷயத்தில் இரு நூல்களுக்கும் முரண்பாடு இல்லை. மனைவிக்கு விசா இல்லை, செட்டாப் பாக்ஸுக்கு விசா தேவையில்லை. நான்கு கைலிகளுக்கு நடுவே சுருட்டி, ஊறுகாய் பாட்டிலை அதன் மேல் சாய்க்காமல் வைத்து, சென்னை விமான நிலையம் வழியாகப் பெட்டி பாலைக்குப் போய்ச் சேர்ந்தது.

முன்னோர் ஆய்வைத் தேடினால் ஒரே ஒருவர்தான் அகப்படுகிறார். அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945இல் பூமிக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்று எழுதினார். 1956 முதல் இலங்கையில் குடியிருந்தார். இந்தியா 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்களே வந்து டிஷ் நிறுவிக் கொடுத்தார்கள். நெமிலிக்குக் கிடைக்காத இந்தியப் படம் கொழும்புக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியச் செயற்கைக்கோள் நிகழ்ச்சி பார்த்த தனிமனிதர்களில் முதல்வர் கிளார்க்தான் எனத் துணிகிறோம். அவருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் தொல்லையும் இல்லை.

அடுத்து வருவது கோணக் கணக்கு. இதைத் தாவிச் செல்வோர் ஆய்வின் உயிர்நிலையை இழப்பர். 2005 டிசம்பரில் ஏவப்பட்ட இன்சாட்-4ஏ கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நின்றது. அதை நம்பித்தான் 2006 ஆகஸ்டில் டாடா ஸ்கை தொடங்கியது. பெயர் டாடா பிளே என்று மாறியும் திசை மாறவில்லை. நெமிலியிலிருந்து பார்த்தால் அந்த இடம் அடிவானத்திலிருந்து 74 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். ஷார்ஜாவிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே 47 பாகையில், பாதி வானத்தில். டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யையும் நெமிலியைவிட நன்றாகத் திருகவேண்டும். கதிர்வீச்சு இந்தியாவின் மேல் விழும்படி வடிவமைக்கப்பட்டது. வளைகுடாவுக்குப் போவது ஓரத்தில் சிந்துவதுதான். நெமிலியில் 60 செ.மீ. டிஷ் போதும். ஷார்ஜாவில் 120 செ.மீ. வாங்கினான். விட்டம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்கு. சிந்துவதைப் பிடிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும் என்பது கூரை ஒழுகும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த இயற்பியல்.

இந்தக் கணக்கைப் போட்டபோது எதிர்பாராத முடிவு ஒன்று கிடைத்தது. ஷார்ஜாவிலிருந்து நெமிலி இருக்கும் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 114 பாகை. டிஷ் பார்க்கும் திசை 129 பாகை. வித்தியாசம் வெறும் 15. தலைமகனின் டிஷ் ஏறத்தாழ ஊரைப் பார்த்தபடியே நிற்கிறது. காக்கை விருந்து வரக் கரைந்ததற்கு உரை எழுதிய உரையாசிரியர்கள் யாருக்காவது இது கிடைத்திருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். நாம் ஒரு பத்தியோடு விடுகிறோம்.

டிஷ்ஷைத் திருப்பியவர் திருச்சூர்க்காரர் ஒருவர். மேலே அவர், கீழே அறையில் தலைமகன், இடையே கைபேசி. வந்துச்சு, வந்துச்சு, போச்சு, கொஞ்சம் இடது, ஐயோ போச்சு, நில்லுங்க, வந்துச்சு. மொழி வேறுபாடு இச்சொற்களுக்குத் தடையாக இல்லை. சிக்னல் பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறியதும் அறையில் இருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள். அவர்களில் இருவருக்குத் தமிழ் தெரியாது.

பெரும்பொழுது சரி, சிறுபொழுதில்தான் சிக்கல். ஷார்ஜா இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இரவு 8 மணி சீரியல் அங்கே மாலை 6.30க்கு வந்துவிடும். அப்போது தலைமகன் வேலைத்தளத்துப் பேருந்தில், நெரிசலில், பாதி உறக்கத்தில் இருப்பான். சவுதியில் இருப்பவர்களுக்கு இரண்டரை மணி வித்தியாசம். அவர்களுக்கு அது பட்டப்பகல் சீரியல். ஆக, அவ்வளவு பாடுபட்டுப் பொருத்திய பெட்டியில் அவன் வழக்கமாகப் பார்த்தது நெமிலி தூங்கப்போன பிறகு ஓடும் பழைய படங்களும், மருந்து விளம்பரங்களும், வாஸ்து நிபுணர்களும்தான்.

இனி ஆய்வின் மையக் கருதுகோள். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவரே ஆட்சி செய்கிறார் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது தவறு. ஓடிபி யார் கைபேசிக்கு வருகிறதோ அவரே ஆட்சி செய்கிறார். 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை வந்தது. அப்போது 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி. அதற்குமேல் கட்டணச் சேனல்களை வீட்டார் ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொள்ளலாம். சன் டிவிக்கு அன்று 19 ரூபாய். தேர்வு செய்யச் சொன்ன குறுஞ்செய்தி தலைமகளின் கைபேசிக்கு வந்தது. கம்பெனி வேனில் உட்கார்ந்தபடி, செவிலியிடம் போனில் கேட்டுக் கேட்டு, தேர்ந்துமுடித்தாள். விளையாட்டுச் சேனல்கள் போயின. பக்திச் சேனல்கள் வந்தன. எட்டு ஆண்கள் வாழும் ரோலா அறையில் மறுநாள் காலை திருப்பள்ளியெழுச்சி ஒலித்தது. தலைமகன் போன் செய்து கேட்டான்.

“இன்னாம்மா, கிரிக்கெட்டு ஒண்ணுகூட வரல?”

“மாசம் எவ்ளோ வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? பாக்கவா போறீங்க, தூங்கத்தானே போறீங்க.”

கட்டியவள் நெமிலியில், பார்ப்பவன் ஷார்ஜாவில். இணைப்பு நெமிலியுடையதே என்பது இதனால் பெறப்படும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. இணைப்பு நெமிலியில் இருந்தால் நெமிலியில் அதைக் காட்ட முடியவேண்டும். இந்தச் சோதனை ஒருமுறை நடந்தே விட்டது. ஷார்ஜாவில் படம் நின்றபோது தலைமகன் பிழை எண்ணைப் படித்துச் சொல்ல, தலைமகள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, பெட்டி தன் கண்முன் இருப்பதுபோலப் பேசினாள். ஆன் பண்ணியிருக்கீங்களா, பண்ணியிருக்கேன். மழை பெய்யுதா, இல்லீங்க, ஒரே வெயில். (இது உண்மை, இரண்டு ஊருக்கும்.) கடைசியில் மறுமுனை, ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டது. மறுநாள் தலைமகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பையோடு ஒரு பையன் செவிலி முன் வந்து நின்றான்.

“டிஷ் எங்கம்மா?”

“மாடியில.”

“மாடியில ஒண்ணுமே இல்லியே.”

“வர்தா புயல்ல போயிடுச்சு தம்பி.”

“பெட்டி?”

“அதுவுந்தான்.”

“வர்தா 2016ல அடிச்சது. போன மாசம் வரைக்கும் ரீசார்ஜ் பண்ணியிருக்கீங்களே?”

“பழக்கமாயிடுச்சு.”

பையன் காபி குடித்தான், புகார் தீர்க்கப்பட்டது என்று பதிந்தான், போய்விட்டான். அன்றிரவே ஷார்ஜாவில் படம் வந்தது. படம் நின்றதற்குக் காரணம் சூரியன். மார்ச் மாத முற்பாதியிலும், பிறகு அக்டோபரை ஒட்டியும், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்பின்னே வரும்போது சில நாட்களுக்குத் தினமும் சில நிமிடங்கள் சிக்னல் அடிபடும். முந்தின நாள் விடுமுறை ஆதலால் தலைமகன் பகலில் டிவி பார்த்திருக்கிறான். படம் நின்ற பதற்றத்தில் கேபிளைப் பிடுங்கி, மறுநாள் இரவுதான் ஒழுங்காகச் சொருகினான். சூரியன்மேல் புகார் பதிய அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

சேனல் பட்டியலில் கிரிக்கெட் ஒருமுறை மட்டும் திரும்ப வந்தது, 2020இல். கொரோனாவால் அந்த ஆண்டு ஐபிஎல் முழுவதும் அமீரகத்தில் நடந்தது. செப்டம்பர் 22 அன்று சென்னையும் ராஜஸ்தானும் ஷார்ஜாவில் மோதின. சென்னை 16 ரன்னில் தோற்றது. தோனி கடைசி ஓவரில் அடித்த சிக்சர்களில் ஒன்று அரங்கத்தைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. அதே ஊரில் இருந்த தலைமகன் அதை எப்படிப் பார்த்தான் என்றால், படம் இந்தியாவுக்குப் போய், தமிழ் வர்ணனை சேர்ந்து, 35,786 கிலோமீட்டர் மேலேறி, மறுபடி அவன் மொட்டைமாடிக்கு இறங்கிய பிறகு. பந்து சாலையை முன்னதாகவே அடைந்துவிட்டது. பார்வையாளருக்கு அனுமதி இல்லாததால் அரங்கத்துக்குப் போயும் பயனில்லை.

சட்டம் பற்றியும் சொல்லவேண்டும்: இந்திய டிடிஎச் சேவை இந்திய எல்லைக்குள் மட்டும் பார்ப்பதற்கு உரியது. இருந்தும் இவ்வளவு காலம் இது நடந்ததற்குக் காரணம் செயற்கைக்கோளின் குணம். அது மேலிருந்து கொட்டும். கீழே யார் ஏந்துகிறார் என்று திரும்பக் கேட்காது. பெட்டி பதில் பேசாது. முகவரி நெமிலி என்று எழுதியிருந்தால் நெமிலிதான். கைபேசிச் செயலிகள் அப்படி அல்ல. திறந்தவுடன் இருக்கும் இடம் தெரிந்துவிடும், உங்கள் பகுதியில் இந்நிகழ்ச்சி கிடைக்காது என்று மரியாதையாகக் கதவைச் சாத்தும். டிஷ் இப்போது தூசியோடு நிற்கிறது. அறையில் ஆளுக்கொரு போன். விபிஎன் வழியே நெமிலியில் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் உத்தி பற்றித் தனி ஆய்வு தேவை. ஆனால் குற்றம் செய்ய விபிஎன்னைப் பயன்படுத்தினால் அமீரகத்தில் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. களப்பணிக்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை.