வாலறிவியல்: டீக்கடை மனிதரைப் பழக்கும் முறைகள்

நாயை மனிதன் பழக்கும் முறை பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. மனிதனை நாய் பழக்கும் முறை பற்றி நாயும் எழுதவில்லை, மனிதனும் எழுதவில்லை. நாய் எழுதாததற்குக் காரணம் வேலைப்பளு. மனிதன் எழுதாததற்குக் காரணம், தான் பழக்கப்பட்டுக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியாது. இக்கட்டுரை அந்தக் குறையைத் தீர்க்க முற்படுகிறது.

ஆய்வுக் களம், மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு டீக்கடை. ஒரு பாய்லர், இரண்டு பெஞ்ச், கல்லாவுக்கு மேலே வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். மூன்றாவது ஜாடியில் பொறை. ஆய்வுக்குரியவர் செம்பட்டை நிறத்து நாட்டு நாய், பெண். ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருக்கும். அது சண்டையில் போன காது அல்ல. கருத்தடை அறுவை முடிந்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று என்பதற்கான முறையான அடையாளம். உடம்பிலேயே சான்றிதழோடு திரியும் பயிற்சியாளர் வேறு எந்தத் துறையிலும் இல்லை.

டீ மாஸ்டர் அதைச் செவலை என்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் அதன் பெயர் ராணி. எதிர்ப்புற வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பப்பிம்மா. கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஒரு பெரியவர் பாலினத்தைப் பொருட்படுத்தாமல் ‘பைரவா’ என்று கும்பிடுவார். எல்லாப் பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கும், பொறை வாங்கித் தருகிற வாயிலிருந்து வந்தால். வாங்கித் தராதவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதற்குக் காது கேட்காது. வீட்டு நாயை நாள் முழுக்கப் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது என்று புலம்புவோர் இவ்விடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

முன்னோர் சொன்னவை

இத்துறையின் மூதாதையாகக் கருதப்படும் இவான் பாவ்லோவ் நாயைப் பழக்கக் கிளம்பியவரே அல்ல. அவர் செரிமானத்தை ஆராய்ந்தார், 1904இல் நோபல் பரிசு வாங்கியதும் அதற்காகத்தான். சோறு வருவதற்கு முன்பே நாய்களுக்கு எச்சில் ஊறியது அவருடைய செரிமானக் கணக்குக்கு இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலை ஆராயப்போய்த்தான் உலகப் புகழ் பெற்றார். அவரை ஆய்வுப்பொருள் மாற்ற வைத்தவை நாய்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்க.

அடுத்து வருவது அதட்டல் மரபு. ஜெர்மனியின் கான்ராட் மோஸ்ட் 1910இல் போலீஸ் நாய்களைப் பழக்கக் கையேடு எழுதினார். வற்புறுத்தலுக்கு அதில் தாராளமான இடம். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, அவற்றுக்குள் நடக்கும் தலைமைச் சண்டைகளை எழுதிவைத்தார். அதிலிருந்து, நாய் எந்நேரமும் பதவிக்கு அலைகிறது, அதற்கு முன்னால் நாம் சாப்பிட வேண்டும், அதற்கு முன்னால் நாம் வாசலைத் தாண்ட வேண்டும் என்று ஒரு பெரிய அரசியல் சாத்திரமே கிளைத்தது. முன்பின் தெரியாதவர்களை ஒரே கூண்டில் போட்டு அடைத்தால் ஓநாய் என்ன, ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்திகள்கூட அப்படித்தான் நடந்துகொள்வார்கள். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். அங்கே தலைவர் என்றால் பெற்றவர், அவ்வளவுதான். இதை 1999இல் எடுத்துச் சொன்னவர் டேவிட் மெக். தலைமைக் கொள்கையைப் பரப்பியதில் அவருடைய 1970ஆம் ஆண்டு நூலுக்கே பெரும்பங்கு இருந்ததால், அதை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். தன் நூலை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சிய ஆய்வாளர்! நம் பல்கலைக்கழகங்களில் இம்மரபு வேர்விட வேண்டும்.

மூன்றாவதுதான் வெகுமதி மரபு. எட்வர்ட் தார்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து, பலன் தரும் செயல் நிலைக்கும், பலன் தராதது உதிரும் என்று கண்டார். உளவியலாளர் ஸ்கின்னர் அதைப் பெரிய சாத்திரமாக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதியர் 1947இல் விலங்குகளைப் பழக்குவதையே தொழிலாக்கினார்கள். டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூல் வழியே இம்முறை நாய் வளர்ப்போர் வீடுகளுக்குள் வந்தது. டால்பினைச் சங்கிலியில் கட்டி இழுக்க முடியாது, கோபம் வந்தால் நீந்திப் போய்விடும். ஆகவே நல்லதைச் செய்த கணத்தில் விசில் ஊது, மீனைப் போடு என்பது ஒன்றே வழி. நாய்க்கு விசிலுக்குப் பதில் ‘டிக்’ என்று ஒலிக்கும் சின்னக் கருவி, மீனுக்குப் பதில் ஒரு துண்டு இறைச்சி. டிக் ஒலி அந்தக் கணத்திலேயே வர வேண்டும். தாமதித்தால் உட்கார்ந்ததற்குக் கொடுத்த கூலியை, எழுந்து சொறிந்ததற்கு என்று நாய் வரவு வைத்துக்கொள்ளும்.

கருதுகோள்

ஒரு செயலைத் தொடர்ந்து ஏதோ ஒன்று கிடைக்க, அதனால் அச்செயல் பெருகுமானால், அதற்குப் பெயர் வலுவூட்டல். இது ஸ்கின்னர் மரபின் அடிப்படை. சரி, டீக்கடையில் பெருகியது யாருடைய செயல்? செவலை முன்பும் சாப்பிட்டது, இப்போதும் சாப்பிடுகிறது. ஆனால் பொறையே வாங்காதிருந்தவர்கள் இப்போது தினமும் வாங்குகிறார்கள். செயல் பெருகியவர் மாணவர் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் மாணவர். நான்கு காலில் நிற்பவர் ஆசிரியர்.

சான்றாக ஒரு மெடிக்கல் ரெப்பின் வரலாறு. கழுத்தில் டை, தோளில் கனத்த பை, நாயைக் கண்டால் உள்ளங்கை வேர்க்கும் சுபாவம். வேண்டிய செயலை ஒரே நாளில் எதிர்பார்க்காமல், அதை நோக்கிய ஒவ்வொரு சிறு அசைவுக்கும் கூலி கொடுத்துக் கொண்டுபோவது பயிற்சி நூல்களின் உயர்ந்த உத்தி. செவலை அதை வழுவின்றிக் கையாண்டது.

முதற்கட்டத்தில் அது அவரைப் பார்க்கவே இல்லை. எட்டப் படுத்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டது. பயந்தவரை நேராக முறைக்கக் கூடாது என்பது நாய்களின் நாகரிகம். தேள் கொட்டியதுபோல் விறைத்து உட்கார்ந்திருந்த அவர், மெல்லத் தோளைத் தளர்த்தினார். இரண்டாம் கட்டத்தில், அவர் தற்செயலாகப் பார்த்தபோது வாலின் நுனி மட்டும் ஒருமுறை ஆடியது. பார்த்ததற்குக் கூலி. அவர் பார்ப்பது அதிகமானதும் அந்தக் கூலி நிறுத்தப்பட்டது. இனி பேசினால்தான் வால். மூன்றாம் கட்டத்தில் அவர் வாய் திறந்து, “என்ன?” என்றார். நாயிடம் கேட்கக் கூடிய கேள்விதானா என்று யோசிக்கவில்லை. நான்காம் கட்டத்தில் அரைப் பொறை, தூரத்திலிருந்து வீச்சு. ஐந்தாம் கட்டத்தில் முழுப் பொறை, உள்ளங்கையில் வைத்து. ஆறாம் கட்டத்தில் அவர் வீட்டிலிருந்தே அவித்த முட்டை கொண்டுவந்தார், அதுவும் ஓடு உரித்து.

சட்டைப்பையை நோக்கி அவர் கை நகர்ந்த கணத்தில் செவலையின் முழுக்காதும் வெட்டுக்காதும் ஒருசேர நிமிரும். கணம் பிசகாது. அதுதான் ‘டிக்’. பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேரும் மனிதர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது.

கூலி தரும் முறையிலும் செவலை நிபுணர். ஒவ்வொரு பொறைக்கும் கையை நக்கினால் அதன் மதிப்பு போய்விடும். எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் கிடைக்கும் பரிசுதான் செயலை அசைக்க முடியாதபடி நிலைநிறுத்தும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் ஒரு தடித்த நூலே போட்டார்கள். லாட்டரிச் சீட்டு வாழ்வது இந்த விதியால்தான். “இன்னைக்கு என் காலடியில வந்து படுத்துச்சுண்ணே” என்று ரெப் மாஸ்டரிடம் பெருமையாகச் சொல்லும்போது அவர் குரலில் சீட்டு விழுந்தவனின் நடுக்கம் இருக்கும்.

கருவிகள்

வால் பற்றிப் பொதுமக்களுக்குத் தெரிந்தது, ஆட்டினால் சந்தோஷம் என்பது மட்டுமே. இத்தாலியில் 2007இல் வெளியான ஆய்வொன்று, தன் மனிதரைப் பார்க்கும் நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், மிரட்டும் அந்நிய நாயைப் பார்க்கும்போது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடுவதாகக் கண்டது. விறைத்து, உயர்ந்து, சின்னச் சின்னதாகத் துடிக்கும் வாலை நட்பு என்று நினைத்துக் கை நீட்டியவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி கட்டியவர்களும் அதை நிமிர்த்தத்தான் பார்த்தார்கள், படிக்கப் பார்க்கவில்லை.

கண்ணுக்கு மேலே இன்னொரு கருவி இருக்கிறது. உள்புருவத்தைத் தூக்கி விழியைப் பெரிதாகக் காட்டும் தசை நாய்களுக்குச் சீராக உண்டு, ஓநாய்களுக்கு அப்படி வாய்க்கவில்லை என்று 2019இல் கண்டார்கள். காப்பகங்களில் புருவத்தை அடிக்கடி தூக்கிய நாய்களுக்கு வீடு சீக்கிரம் கிடைத்ததாக 2013இலேயே ஓர் ஆய்வு உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து, நம்மை உருக்குவதற்கென்றே ஒரு தசையை வளர்த்துக்கொண்ட உயிரிடம் தலைமைப் பண்பு காட்டப்போவதாகச் சிலர் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

வீட்டில் செருப்பைக் கடித்துவிட்டு நாய் குற்ற உணர்வோடு நிற்கிறது என்பது அடுத்த மாயை. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்தார். தின்னக்கூடாததைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்பதற்கும் அந்தப் பரிதாப முகத்துக்கும் சம்பந்தமில்லை. திட்டு விழுந்தால் அந்த முகம் வரும். ஒன்றும் செய்யாத நாய்தான் திட்டு வாங்கும்போது இன்னும் நன்றாக விழித்தது. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வாய்வை விரிவுபடுத்த நிறைய வாய்ப்பு உண்டு.

எதிர்மறைச் சான்று: குனிதல்

தண்டனை வேலை செய்யாதா என்று கேட்பார்கள். வேலை செய்யும், அதுதான் சிக்கல். தமிழ்நாட்டுத் தெருநாய்கள் கற்றிருக்கும் மிக உறுதியான பாடம், மனிதன் குனிந்தால் ஓடு என்பது. கல் வருமுன்பே ஓடிவிடுவதால், கல் வந்திருக்காது என்று அறியும் வாய்ப்பே அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அப்பாடம் மறப்பதே இல்லை. செவலையும் அப்படித்தான். ஆறாம் கட்டத்துக்குப் பிறகு ஒருநாள் ரெப் ஷூ கயிறு கட்டக் குனிந்தார். ஆசிரியர் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டார். எப்போதோ யாரோ எறிந்த ஒரு கல், இத்தனை முட்டைகளைத் தாண்டி நின்றது. ரெப் அப்படியே பெஞ்சில் ஒடுங்கி, பக்கவாட்டில் திரும்பி, எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்தார். முதற்கட்டத்தில் தனக்குச் சொல்லிக்கொடுத்த அதே நாகரிகத்தை அவர் திருப்பிச் செய்தபோது, பாடம் எந்த அளவுக்கு இறங்கியிருந்தது என்பது தெரிந்தது.

கொட்டாவி, உதட்டை நக்குதல், முகம் திருப்பல், கண்ணின் வெள்ளை தெரிதல் ஆகியவை ‘போதும், விலகு’ என்பதற்கான நாய்மொழி என்பதையும் அவர் கற்றுவிட்டார். வங்கி அம்மா இன்னும் கற்கவில்லை. கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார். படத்தில் நாய் சிரிப்பதாக அவர் சொல்லும் இடத்தில் அது உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறது. உறுமினால் அடிக்கக் கூடாது என்பதையும் யாராவது அவர் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். எச்சரிக்கையை அடித்து நிறுத்தினால், எச்சரிக்காமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

இதெல்லாம் வெறும் பசி, பயிற்சியாவது ஒன்றாவது என்பது மாஸ்டரின் மறுப்பு. கொல்கத்தாவை ஒட்டிய அறிவியல் கல்வி நிறுவனமொன்றில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களையே ஆராய்ந்து வருகிறது. அறிமுகமில்லாத ஒருவர் மீண்டும் மீண்டும் வந்து ஒரு நாயோடு பழகும்போது, அவர் தரும் உணவைவிட அவருடைய தடவலே நெருக்கத்தை வளர்த்தது என்று 2017இல் அவர்கள் வெளியிட்டார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். “தடவுறதுக்குக் காசு இல்லைல்ல, அதான்” என்றார். இம்மறுப்புக்கு இன்னும் விடை கண்டாகவில்லை.

பயிற்சியை ஒழிக்கும் முயற்சி

கேட்டரிங் படித்து ஊர் திரும்பிய முதலாளியின் மகன், ‘நாய்களுக்கு உணவளிக்காதீர்’ என்று பலகை மாட்டினார். கூலி நின்றுபோன செயல் ஒழிவதற்கு முன்னால் ஒருமுறை வெறிகொண்டு எழும் என்பது இத்துறையின் பாலபாடம். பிடிவாதக் குழந்தை அடங்குமுன் அழுகை உச்சத்துக்குப் போவதும் இவ்விதியால்தான். செவலை அமைதியாக எதிர்ப்புற பேக்கரி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது. வெறிகொண்டு எழுந்தவர்கள் மனிதர்கள். ஆட்டோக்காரர்கள் டம்ளரோடு சாலையைக் கடந்தார்கள். பெரியவர் பலகைக்கு நேர் எதிரே நின்று பைரவருக்குப் பன் போட்டார். ரெப் டீ குடிப்பதையே பேக்கரிக்கு மாற்றினார். மூன்றாவது ஜாடி குறையவே இல்லை, பொறை நமுத்தது.

பலகை கழற்றப்பட்டது. செவலை பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆனால் பெஞ்சுப் பக்கம் போகவில்லை. கல்லாவிலிருந்து எட்டப் படுத்து, மகனைப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டது.

கட்டுரை அச்சுக்குப் போகும் இந்நாளில் மகன் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறார். நேற்று அவர் “என்ன?” என்று கேட்டது மாஸ்டர் காதில் விழுந்திருக்கிறது. நான்காம் கட்டம் தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்பது மாஸ்டரின் கணிப்பு.