கைக்கிளைக்கு நிலம் உண்டா? அறக்கட்டளைச் சொற்பொழிவை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அகத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். நடுவில் நிற்கும் ஐந்தில் பாலை நீங்கலாக நான்குக்கும் நிலம் வகுத்தார். ஒருதலைக் காமமான கைக்கிளைக்கும் பொருந்தாக் காமமான பெருந்திணைக்கும் ஒரு சென்ட்கூட ஒதுக்கவில்லை. நம் பல்கலைக்கழகங்களில் கலை, பண்பாடு, வட்டார வரலாறு குறித்து ஆண்டுதோறும் நிகழும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளே இவ்விரு திணைகளுக்கும் உரிய களம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

2. முதற்பொருள்

நிலம், கருத்தரங்கக் கூடமும் கூடம் சார்ந்த இடமும். சார்ந்த இடமாவது, தேநீர் மேசை போட்ட தாழ்வாரம். பொழுது, அழைப்பிதழில் 10.30, குத்துவிளக்கில் 11.15.

3. கருப்பொருள்

தெய்வம், அறக்கட்டளையை நிறுவியவர். மாலையிட்ட படமாக எழுந்தருளியிருப்பார். இவருக்கான படையல் வைப்புத்தொகையின் வட்டி. என்றோ போட்ட பத்தாயிரம் ரூபாய்க்கு 7 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 700 ரூபாய். அதில் பொன்னாடை வாங்கினால் போண்டா இல்லை. ஆகவே மூன்று அறக்கட்டளைகளை ஒரே முற்பகலில், ஒரே பேனரின்கீழ் நடத்தி முடிப்பது மரபாயிற்று.

பறை, மைக்கின் கீச்சொலி. தொழில், வருகைப் பதிவுத் தாளில் கையெழுத்திடல். தாள் கடைசி வரிசைக்கு வந்ததும் ஒரு மாணவி, வராத தோழியர் இருவருக்கும் சேர்த்து, பேனாவை மாற்றி, எழுத்தின் சாய்வையும் மாற்றிக் கையெழுத்திடுகிறாள். அவ்வேளை மேடையில் விளக்கப்படும் கல்வெட்டு எழுத்தமைதியைவிட இது நுட்பமானது.

4. கைக்கிளை

மறுமொழி கிடைக்காவிட்டாலும் தானே சொல்லி இன்புறுதல் கைக்கிளை என்கிறது தொல்காப்பியம். சொற்பொழிவாளருக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை இன்னும் எழுதப்படவில்லை. 'நிறைவாக ஒன்றைச் சொல்லி...' என்று தொடங்கும்போது அவர் சோழர் காலத்தில்தான் இருக்கிறார். ஒருங்கிணைப்பாளர் 'நேரம்' என்று எழுதிய துண்டுச்சீட்டை நீட்டுகிறார். அவர் அதை வாங்கி, படித்து, புன்னகைத்து, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு நாயக்கர் காலத்துக்குள் நுழைகிறார்.

அயலகச் சான்றுகளும் உள. அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸ், கண்பார்வை அநேகமாகப் போய்விட்ட நிலையில், கையில் குறிப்பின்றி 1967-68இல் ஹார்வர்டில் நார்ட்டன் சொற்பொழிவுகளை ஆற்றினார். ஒலிநாடாக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் தூங்கின. உரைகள் நூலானது 2000இல். அவர் மறைந்ததோ 1986இல். அதே தொடருக்கு அழைக்கப்பட்ட இத்தாலிய எழுத்தாளர் கால்வினோ ஆறு உரைகள் திட்டமிட்டு, ஐந்தை எழுதி முடித்து, புறப்படுமுன் 1985இல் காலமானார். நேரத்தை மீறாத சொற்பொழிவாளர் என இவ்வாய்வாளர் அறிந்தவர் இவர் ஒருவரே.

5. பெருந்திணை

இது கேள்வி நேரத்துக்கு உரியது. காதலை ஊரறியச் சொல்லப் பனைமடல் குதிரையில் ஏறும் மடலேறுதலும் இளமை தீர்ந்த நிலையும் பெருந்திணைக் கூறுகள் என்பதை இங்கே கருத்தில் கொள்ளவேண்டும். இரண்டாம் வரிசையிலிருந்து எழும் ஓய்வுபெற்ற அன்பர், 'இது கேள்வி இல்லீங்க, ஒரு சின்னக் கருத்து' என்றபடி மைக்கைக் கைப்பற்றுகிறார். பல்லாண்டுகளுக்கு முன் தாம் எழுதிய கட்டுரைமீது தமக்குள்ள தீராக் காதலை அவையறியச் சொல்கிறார். சொற்பொழிவாளர் தலையசைக்கிறார்; அக்கட்டுரையை அவர் படித்ததில்லை. மடலேறியவனைப் பெண் கொடுத்து இறக்குவார்கள். இவரைத் தேநீர் கொடுத்துத்தான் இறக்க முடிகிறது.

6. மறுப்பும் முடிவும்

கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழுவுக்குக் காட்டவேண்டிய கோப்புக்காகப் பார்வையாளர்களிடம் பின்னூட்டப் படிவம் வாங்குகிறார்களே, மறுமொழி வந்துவிட்டால் கைக்கிளை கெட்டுப்போகாதா என்று ஒரு சாரார் கேட்கக்கூடும். கெடாது. படிவங்கள் 10.15க்கே விநியோகிக்கப்பட்டு, 'மிக நன்று' கட்டத்தில் டிக் அடிக்கப்பட்டு, விளக்கேற்றும் முன்னரே கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. சொல்லாத சொல்லுக்கு முன்கூட்டியே வந்தது மறுமொழி ஆகாது.