சீதனக் காணியும் லென்ஸின் கெட்டித்தனமும்

கமராக்காரர்களிடையே நடக்கும் வழக்குகளில் மிகப் பழையதும், இரு தரப்பாரும் தோற்க மறுப்பதால் இன்னும் தீர்ப்பு எழுதப்படாததுமான வழக்கு, நடுத்தர அளவுப் படச்சுருளுக்கும் சிறிய அளவுப் படச்சுருளுக்கும் இடையிலானதாகும். நடுத்தர அளவு என்பது, கோடாக் நிறுவனம் 1901இல் அறிமுகப்படுத்தியதும், ஸ்டூடியோக்காரர் ‘120 ரோல்’ என்று அழைப்பதுமான, ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் அகலமுள்ள சுருள். சிறிய அளவு என்பது, சினிமாச் சுருளைக் கைக்கமராவுக்குள் அடக்கிய ஒஸ்கார் பார்னாக்கின் லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபின் நிலைபெற்ற 35 மில்லிமீற்றர் சுருள். முன்னதில் சதுரப் படமாக எடுத்தால் ஒரு ரோலுக்கு 12 படங்கள் கிடைக்கும். பின்னதில் 36 கிடைக்கும். ஆகவே முன்னதை வைத்திருப்பவர் கஞ்சராகவும் பின்னதை வைத்திருப்பவர் ஊதாரியாகவும் மாறுவது இயற்கையே.

பெரிய கமராவின் படத்தைப் பார்த்தவர்கள் முதலில் புகழ்வது அதன் லென்ஸைத்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் அந்தப் புகழ் தவறான விலாசத்துக்குப் போயிருப்பது தெரியவரும். சதுர நெகட்டிவின் பக்கம் 56 மில்லிமீற்றர். சிறிய நெகட்டிவோ 24க்கு 36. பரப்பில் முன்னது பின்னதைப்போல மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். 12 அங்குலச் சதுரப் படம் ஒன்றைப் போடுவதற்குச் சிறிய நெகட்டிவை ஏறக்குறைய பன்னிரண்டரை மடங்கு பெருப்பிக்க வேண்டியிருக்க, பெரியதற்கு ஐந்தரை மடங்கே போதும். எனவே ஒரு மில்லிமீற்றருக்குள் அதிகக் கோடுகளைப் பிரித்துக் காட்டும் கடின உழைப்பு சிறிய கமராவின் லென்ஸுக்கே விதிக்கப்பட்டிருக்கிறது. பெரிய கமராவின் லென்ஸ் ஓரளவு சோம்பலாக இருந்தாலும் பிலிமின் பரப்பு அதை மூடி மறைத்துவிடும். பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வயலும் எழுதிக் கொடுக்கும் மட்டக்களப்பில், மனைவியின் காணி நன்றாக விளைந்தால் வீட்டோடு வந்த மருமகன் கெட்டிக்காரன் என்று பெயர் எடுப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இவ்விரு கமராக்களையும் சோதிப்பதற்கு உன்னிச்சையைப் போல் பொருத்தமான இடம் அரிது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற பக்கமாதலால் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலப்பகுதியில், வயல்களுக்கு நீர் பாய்ச்சும் பெருங்குளமும் அதன் நீண்ட கட்டும் அமைந்த ஊர் அது. இங்கே 120 ரோல் போடும் இரட்டை லென்ஸ் கமராவோடு, அதாவது மேல் லென்ஸால் பார்த்துக் கீழ் லென்ஸால் படம்பிடிக்கும் யஷிக்கா, ரோலைஃபிளெக்ஸ் போன்ற ஒன்றோடு நிற்பவர், நெஞ்சுக்குக் கீழே தொங்கும் கமராவின் தேய்த்த கண்ணாடியில் விழும் உருவத்தைப் பார்க்கத் தலை குனிந்தாக வேண்டும். குளக்கட்டில் இப்படி நெடுநேரம் குனிந்து நிற்பவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று இரக்கப்பட்டு, வழியில் போகிறவர்களும் குனிந்து தேடத் தொடங்குவார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், உள்ளேயிருந்து பிரதிபலிக்கும் ஒற்றைக் கண்ணாடி, தேய்த்த கண்ணாடியில் விழும் உருவத்தை இடம் வலமாக மாற்றிக் காட்டுவது. நீர்க்காகம் இடப்பக்கம் பறந்தால் கண்ணாடியில் அது வலப்பக்கம் போகும். கையும் அதைத் துரத்தி வலப்பக்கம் திரும்ப, படத்தில் எஞ்சுவது வெறுந்தண்ணீர். நீர்க்காகத்தோடு முடிந்தால் நட்டம் ஒரு படம்தான். அந்திப்பொழுதில் குளத்துக்கு இறங்கும் யானையைக் கண்ணாடியில் பார்த்து, அது போகும் திசைக்கு எதிர்த்திசை இதுவே என்று தீர்மானித்து ஓடுபவர், யானையை நோக்கியே ஓடிக்கொண்டிருப்பார். (இரவெல்லாம் வேளாண்மைக்குக் காவலிருக்கும் படுவான்கரை விவசாயிக்கு யானையின் அழகைக் காட்ட எந்தக் கமராவும் தேவையில்லை என்பது வேறு விடயம்.)

சுருள் மாற்றும் சடங்கும் கவனிக்கத்தக்கது. 35 மில்லிமீற்றர் சுருள் தன் கூட்டுக்குள் பத்திரமாக இருக்க, 120 ரோலோ காகித முதுகை மட்டுமே நம்பி வருவதால், அதை நிழல் தேடிப் போய்த்தான் மாட்டவேண்டும். முடிந்த ரோலைத் தளராமல் பிடித்து, காகித வாலை நாவால் நனைத்து ஒட்டவேண்டும். காலியான கட்டையை மறுபக்கத்துக்கு மாற்றினால்தான் அடுத்த ரோல் அதில் சுற்றும். அந்தக் கட்டை கைதவறிக் குளத்தில் விழுந்தால், பையில் எத்தனை புது ரோல் இருந்தாலும் அன்றைய படப்பிடிப்பு முடிந்தது.

வெளிச்சம் குறையும்போது ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகிறது. இயல்பான பார்வையைத் தரும் குவியத் தூரம் சிறிய கமராவுக்கு 50 மில்லிமீற்றர், சதுரக் கமராவுக்கு 80. யஷிக்காமாட் 124ஜி கமராவின் 80 மில்லிமீற்றர் லென்ஸ் f/3.5க்கு மேல் திறக்காது. மலிவான 50 மில்லிமீற்றர் லென்ஸ்கூட f/2 வரை திறந்து அதைப்போல மும்மடங்கு ஒளியை உள்ளே விடும். அதோடு, ஒரே அளவில் திறந்தாலும் நீண்ட குவியத் தூரம் கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் குறைத்துவிடுவதால், எருமையின் கண் தெளிந்தால் கொம்பு மங்கும்.

நீதி தவறாமல் ஒன்றைச் சொல்லவேண்டும். இரட்டை லென்ஸ் கமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக விரிவது. ஆகையால் 1/500 செக்கன் வேகத்திலும் பிளாஷ் அதற்கு இணங்கும். பிலிமுக்கு முன்னால் திரைபோல ஓடும் ஷட்டரையுடைய 35 மில்லிமீற்றர் கமராவான பென்டாக்ஸ் கே1000, பிளாஷுக்கு 1/60ஐத் தாண்டாது. நண்பகல் வெயிலில் சடங்கு வீட்டு முற்றத்தில் நிற்பவர்களின் முகநிழலைப் போக்க வேண்டுமென்றால் பெரிய கமராவே எசமான். ஆனால் சடங்கு வீட்டுக்கு வரும் மாமிமாரும் மச்சாள்மாரும் பன்னிரண்டு பேரோடு நின்றுவிடுவதில்லை. பதின்மூன்றாவது மாமியின் கோபம் எந்த நெகட்டிவின் பரப்பையும்விடப் பெரியது.

சிறிய சுருளில் கலை வராது என்போருக்கு, கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் படங்களுக்கு 1938இலேயே லைக்கா நிறுவனத்தார் லண்டனில் தனிக் கண்காட்சி வைத்ததை நினைவூட்டினால் போதும். ஆகவே உன்னிச்சைக்குப் போகிறவர் 35 மில்லிமீற்றர் கமராவையும் ஒரு 50 லென்ஸையும் கொண்டுபோவதே தகும். பெரிய கமராவை விடமாட்டேன் என்பவர், காலிக் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மட்டும் தலை நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.