செரங்கெட்டிக்குக் காலாண்டு லீவு கிடையாது

தான்சானியாவின் செரங்கெட்டியில் ஒரு வாரம் மிருகம், ஸான்ஸிபாரில் மூன்று நாள் கடற்கரை என்று முடிவு செய்தது சுலபம். தேதி குறிப்பதில்தான் கல்யாணத் தேதி தோற்றது. பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. அங்கே அடைமழையும் அப்போதுதான். வண்டி சேற்றில் சிக்கும், பல முகாம்களைப் பூட்டிவிடுவார்கள். வில்டபீஸ்ட் மான்கள் குட்டி போடும் பிப்ரவரியில் மகளுக்கு ப்ளஸ் டூ பிராக்டிகல். அவை முதலைகளுக்குத் தப்பி மாரா ஆற்றைக் கடப்பது ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆக, மிச்சம் காலாண்டு விடுமுறை. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீவன்கள் எங்களுக்காக அந்த வாரம் பார்த்து ஆற்றில் இறங்க வேண்டும்.

“கேரண்டி உண்டா?” என்று மனைவி கேட்டாள்.

“மழை எந்தப் பக்கமோ அது அந்தப் பக்கம் போகும், மேடம்” என்றார் ஏஜெண்ட்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெயரைக் கேட்டதுமே அம்மா கீழாநெல்லி பறிக்கக் கொல்லைக்குப் போய்விட்டாள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். 10 நாள் கழித்துத்தான் தடுப்பூசி அட்டை செல்லும். அறுபது தாண்டியவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் சம்மதிப்பார். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாக அட்டை இல்லாமல் ஊர் திரும்பினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்களாம். “சாப்பாடு அவங்களே போடுவாங்களா?” என்று மனைவி விசாரித்த குரலில் லேசான ஏக்கம் தெரிந்தது.

அடுத்து உடை. நீலமும் கறுப்பும் அங்கே கடிக்கும் ட்ஸெட்ஸி ஈக்களை இழுக்கும் என்கிறார்கள். மகனிடம் கறுப்பு டி-ஷர்ட்டைத் தவிர வேறு உடை இருந்ததில்லை. செரங்கெட்டியிலிருந்து ஸான்ஸிபாருக்குக் குட்டி விமானம். கைப்பையையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கும் பையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜூனிலிருந்தே அந்த நாட்டில் தடை. கல்யாண வீடுகளில் வாங்கி பீரோவுக்கு மேல் திணித்து வைத்திருந்த மஞ்சப்பைகளெல்லாம் உலகத் தரமான சஃபாரி லக்கேஜ் என்று அன்றுதான் புரிந்தது. அம்மா அதில் ஏழு கிலோவுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டினாள்.

கடைசியில் கடல். ஸான்ஸிபாரின் கிழக்குக் கரையில் வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். அந்தத் தரையில் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் உள்வாங்குவது இன்னும் அதிகம் என்றதும் அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள்.

“டேய், லீவுல மகாளய அமாவாசை வருது. அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணாம எங்கடா போற? தேதியை மாத்தச் சொல்லு.”

ஏஜெண்டிடம் சொன்னேன்.

“வில்டபீஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் சார்” என்றார்.