கித்தா மரத்தோட பொறந்த வீடு

மனாவுஸுக்கா போற பேராண்டி? போய்ட்டு வா. நாப்பது வருஷம் நான் சீவுன கித்தா மரத்துக்கெல்லாம், அதான் ரப்பர் மரத்துக்கெல்லாம், அந்த அமேசான் காடுதான் பொறந்த வீடு. சம்பந்தி வீட்ட ஒரு நடை பாக்கணும்னு போன வருஷம் உங்க அத்தைய நச்சரிச்சுப் போய் வந்தவன் நான். அதனால சொல்றதக் கேட்டுக்க.

எறங்குன உடனே ஓபரா மாளிகைக்கு ஓடுவ. ஓடு. கூரையில 36,000 ஓடு, பிரேசில் நாட்டுக் கொடி நெறத்துல பளபளன்னு நிக்கும். இத்தாலியில இருந்து பளிங்கு, வெள்ளக்காரன் ஊர்ல இருந்து இரும்பு. நடுக்காட்டுல எல்லாம் கப்பல்ல வந்து எறங்குனது. குதிரை வண்டிச் சத்தம் பாட்டக் கெடுக்கக் கூடாதுன்னு வாசல்ல கித்தா கலந்த கல்லப் பாவுனாங்களாம். பால் வெட்டுறவன் சத்தம் மட்டும் எப்படியும் அங்க கேக்காது, அவன் தூரக் காட்டுல இல்ல கெடந்தான்!

அந்த மாளிகையத் தொறந்தது 1896 டிசம்பர் 31. இங்கதான் உங்க தாத்தனுக்குச் சிரிப்பு வருது. அதுக்கு 20 வருஷம் முன்னாடியே, 1876-ல, விக்ஹாம்னு ஒரு வெள்ளக்காரன் அமேசான் கரையில இருந்து 70,000 கொட்டையக் கப்பல்ல ஏத்திட்டான். லண்டன்ல முளைச்சது கொஞ்சம். அதுல ஒம்போது கன்னு 1877-ல நம்ம மலாயாவுல கோலகங்சாருக்கு வந்துச்சு. ஒரு மரம் இன்னும் நிக்கிதே, நீ கூட அது முன்னால பல்லக் காட்டிப் படம் புடிச்சியே. மனாவுஸ்காரன் அங்க சரவிளக்கு மாட்டிக்கிட்டு இருக்கையில, சொத்து இங்க வேர் விட்டுப் பெருசாயிடுச்சு. கொஞ்ச வருஷத்துல நம்ம தோட்டத்துப் பால் சந்தைய நெறைச்சதும் அவன் கடை படுத்துடுச்சு.

ஆத்துக்கும் போ. ரியோ நெக்ரோ கோப்பி ஓ மாதிரி கருப்பு. சொலிமோயிஸ் பால் கலந்த தே தாரிக் நெறம். ரெண்டும் 6 கிலோமீட்டருக்கு ஒட்டாமலே பக்கத்துப் பக்கத்துல ஓடும், கல்யாண வீட்டுல உங்க அப்பனும் சித்தப்பனும் உக்காருற மாதிரி. கருப்பு ஆறு வெதுவெதுப்பு, மெதுவாப் போகும். இன்னொண்ணு மலைச் சேறு சுமந்து, குளுந்து, வேகமா வரும். கருப்புத் தண்ணிப் பக்கம் கொசு கம்மி. அந்தத் தண்ணியில புளிப்பு சாஸ்தியாம். நம்ம தோட்டத்து ஓடையிலயும் அப்படி ஓடியிருந்தா உங்க பாட்டிக்கு அத்தனை தடவை மலேரியா வந்திருக்காது.

ஊருக்குத் திரும்புனா, சதுக்கத்துல தக்காக்கான்னு ஒரு சூப்பு குடுக்கையில ஊத்தித் தருவான். மரவள்ளிச் சாறு, காஞ்ச இறால், ஜம்பூன்னு ஒரு கீரை. குடிச்சதும் நாக்கு மரத்துடும். அத்தைக்கு ரெண்டு குடுக்கை வாங்கிக் குடுத்தேன். கால் மணி நேரம் ஊரே அமைதி.

ஆனா ஒண்ணு, படகேறிக் கித்தா அருங்காட்சியகம் போகாம வந்துடாத. சினிமாவுக்குப் போட்ட செட்டுதான் அது. இருந்தாலும் தொரை வீடு, புகை போடுற குடிசை, சாமான் கடை எல்லாம் அச்சு அசலா வச்சிருக்கான். நம்ம தோட்டம் மாதிரி நிரை நிரையா மரம் கெடையாது. காட்டுல அங்கொண்ணு இங்கொண்ணா நிக்கிற மரத்தத் தேடித் தேடி, இருட்டோட நடந்து வெட்டியிருக்கான். பாலப் புகையில காட்டி உருண்டை புடிச்சிருக்கான். அந்தச் சாமான் கடை இருக்கே, கத்தி எடுக்கும் முன்னாடியே கடன் எழுதிடும். அங்க பால் வெட்ட வந்தவன்ல நெறையப் பேரு பஞ்சத்துக்குப் பயந்து சியரா மாகாணத்துல இருந்து ஓடி வந்தவன். அங்க வறட்சி 1877-ல. அதே சமயத்துல நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் தாது வருஷப் பஞ்சம். மரம் ஒண்ணு, பசி ஒண்ணு, கணக்கப்புள்ள நோட்டு மட்டும் ரெண்டு பாஷையில.

அங்க வழிகாட்டிப் பையன் மரம் சீவிக் காட்டுனான். சீவுனானா அது? மரத்தச் செரைச்சான்! பொறுக்க முடியாமக் கத்தியப் புடுங்கி ஒரு வெட்டுப் போட்டேன், பால் நூல் புடிச்ச மாதிரி மங்குல எறங்குச்சு. சுத்தி நின்ன வெள்ளக்காரன்லாம் கைதட்டிப் படம் புடிச்சான். கடைசியில அந்தப் பையன் என்கிட்டயே டிப்ஸுக்குக் கைய நீட்டுறான். குடுக்கல. நீ போனா, தாத்தனுக்கு ஒரு வெட்டுக் கூலி பாக்கின்னு சொல்லி வாங்கிட்டு வா.