காத்திருப்போர் பட்டியலை ஒரே நாளில் குறைப்பது எப்படி?

வாழ்த்துகள். அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையில் சுகாதாரத்துக்கான துணைச் செயலாளராக உங்களை அதிபர் நியமித்துவிட்டார். செனட்டும் ஒப்புதல் தந்துவிட்டது. இன்று முதல் சுமார் 170 மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநோயாளி மையங்கள், பதிவு செய்துகொண்ட ஏறக்குறைய 90 லட்சம் வீரர்கள் எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்த நாட்டில் இதைவிடப் பெரிய ஒருங்கிணைந்த மருத்துவ அமைப்பு வேறு கிடையாது. மலைத்துப்போக வேண்டாம். செய்யக்கூடியது, செய்யக்கூடாதது எல்லாவற்றையும் முன்னோர் செய்துபார்த்துவிட்டார்கள். அவர்கள் வழி நடந்தாலே போதும்.

விதி 1: துறையின் வரலாற்றைப் படியுங்கள்

குறிப்பாக முதல் அத்தியாயத்தை. 1921இல் முன்னாள் வீரர்களுக்கென ஒரு பணியகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சார்லஸ் ஃபோர்ப்ஸ். மேரிலாந்தின் பெரிவில் கிடங்கில் மருத்துவமனைகளுக்காக வைத்திருந்த படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் கட்டுத்துணிகளையும் ‘உபரி’ என்று எழுதி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார். அரசை ஏமாற்றச் சதி செய்ததற்காகச் சிறைக்கும் போனார். இதைப் படிப்பதால் ஒரு நன்மை உண்டு. உங்கள் காலத்தில் என்ன நடந்தாலும், “ஃபோர்ப்ஸ் அளவுக்கு இல்லையே” என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

விதி 2: இலக்கை அறிவியுங்கள், மருத்துவரைத் தேடாதீர்கள்

மருத்துவரை வேலைக்கு எடுப்பது பெரும்பாடு. விளம்பரம், நேர்காணல், சம்பளம், உட்கார ஓர் அறை. இலக்கு வைக்க ஒரு கையெழுத்து போதும். “எந்த வீரரும் 14 நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்” என்று அறிவித்து, அதை எட்டும் நிர்வாகிக்கு ஊக்கத்தொகையும் உண்டு என்று சேர்த்துவிடுங்கள். மிச்சத்தை எழுத்தர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எப்படி என்கிறீர்களா? வீரர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். “எப்போது வர விரும்புகிறீர்கள்?” என்று கேட்டால் “நாளைக்கே” என்பார், காரியம் கெட்டது. ஆகவே முதலில் எந்தத் தேதி காலி என்று பார்க்க வேண்டும். மூன்று மாதம் தள்ளி ஒரு நாள் இருக்கிறது. “அன்றைக்கு வரலாமா?” வராமல் எங்கே போவார், சரி என்கிறார். கணினியில் ‘நோயாளி விரும்பிய தேதி’ என்ற கட்டத்தில் அதே நாளை எழுதிவிடுகிறோம். விரும்பிய நாளும் கிடைத்த நாளும் ஒன்றாகிவிட்டதால், காத்திருப்பு பூஜ்ஜியம். மூட்டுவலியோடு மூன்று மாதம் வீட்டில் கிடப்பவருக்கு, தான் காத்திருக்கவே இல்லை என்பது தெரியாது.

இதுவும் போதாவிட்டால், பட்டியலிலேயே பெயரைச் சேர்க்காமல் விடலாம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் 2014இல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நுழைந்து பார்த்தபோது, அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறாமலே 1,700 வீரர்கள் காத்திருந்தார்கள். முதல் சந்திப்புக்குச் சராசரியாக 24 நாள் என்று மேலே கணக்குப் போயிருந்தது. ஆய்வாளர்கள் 226 பேரைத் தனியே எடுத்துப் பார்த்ததில் சராசரி 115 நாள். வித்தியாசத்தைக் கண்டு வருந்தாதீர்கள். முதல் எண்ணுக்குத்தான் ஊக்கத்தொகை.

விதி 3: சுற்றறிக்கை அனுப்புங்கள்

எதுவும் தெரியாது என்று பின்னால் சொல்ல முடியாமல் போகலாம். ஆகவே தெரியும் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஃபீனிக்ஸ் விவகாரம் வெடிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2010 ஏப்ரலில், தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. தேதிகளை எப்படியெல்லாம் திரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு தந்திரமாக வரிசைப்படுத்தி, இப்படிச் செய்யக்கூடாது என்று கண்டித்தது. தந்திரம் தெரியாதிருந்த ஓரிரு ஊர்களுக்கும் அது பாடநூலாகியிருந்தால் வியப்பில்லை.

விதி 4: எல்லோரையும் பாராட்டுங்கள்

துறையின் 470 மூத்த அதிகாரிகளில் ஒருவர்கூட முந்தைய நான்கு ஆண்டுகளில் திருப்திகரம் என்ற நிலைக்குக் கீழே மதிப்பிடப்படவில்லை என்பது 2014இல் நாடாளுமன்ற விசாரணையில் தெரியவந்தது. வகுப்பே முதல் வகுப்பில் தேறியிருக்க, பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தால் அது வாத்தியார் குற்றமா?

விதி 5: தூரத்தை வானத்தில் அளவிடுங்கள்

ஊழலுக்குப் பின் நாடாளுமன்றம் சட்டம் போடும், போட்டது. 30 நாளுக்குள் இடம் கிடைக்காதவர்களும், மருத்துவ மையத்திலிருந்து 40 மைலுக்கு அப்பால் இருப்பவர்களும் அரசுச் செலவில் தனியாரிடம் போகலாம் என்றது 2014ஆம் ஆண்டுச் சட்டம். கவலை வேண்டாம். அந்த 40 மைலை வரைபடத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடாக அளந்தார்கள். நடுவே மலையோ ஏரியோ இருந்தால் அது வீரரின் பாடு. அருகிலிருக்கும் மையத்தில் அவருக்கு வேண்டிய சிகிச்சை இல்லாவிட்டாலும் மையம் மையம்தான். மறு ஆண்டு வசந்தத்தில்தான் சாலை வழியாக அளக்கலாம் என்று துறை இறங்கிவந்தது. வீரர்கள் பறப்பதில்லை என்பதை உறுதிசெய்ய அவ்வளவு காலம் பிடித்தது.

விதி 6: நன்றாக ஓடும் கணினியை மாற்றுங்கள்

துறையின் பழைய மின்னணு மருத்துவப் பதிவேடான ‘விஸ்டா’, மருத்துவர்களும் நிரலாளர்களும் தலைமையகத்தின் எதிர்ப்பை மீறி 1970களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கியது. இப்படித் தலைமையகத்தைக் கேட்காமல் பிறந்த எதையும் நம்பக்கூடாது. 2018இல் செர்னர் நிறுவனத்தோடு சுமார் 1,000 கோடி டாலர் ஒப்பந்தம். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் புது ஏற்பாடு ஓடத் தொடங்கியது. அதில் ‘தெரியாத வரிசை’ என்று ஒன்று இருந்தது. பரிசோதனைக்கோ சிறப்பு மருத்துவருக்கோ அனுப்பிய ஆணைகளில் 11,000க்கு மேல் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. போய்ச் சேரவில்லை என்று அனுப்பிய மருத்துவருக்குக் கணினி சொல்லவில்லை. 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022இல் சொன்னது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் மற்ற ஊர்களுக்கு விரிப்பதை நிறுத்திவைத்தார்கள். எழுத்தர்கள் கையால் செய்ததை இயந்திரம் தானாகவே செய்தது என்ற அளவில் இது முன்னேற்றம்தான்.

விதி 7: முடிந்தால் நாற்காலியில் உட்காரவே உட்காராதீர்கள்

2017 தொடக்கத்தில் டேவிட் ஷுல்கின் இந்தப் பதவியிலிருந்து அமைச்சராக உயர்ந்தார். அடுத்து செனட் ஒப்புதலோடு ஒருவர் வந்து அமர்ந்தது 2022 ஜூலையில். இடையில் பொறுப்பு, தற்காலிகப் பொறுப்பு என்று விதவிதமான பெயர்ப்பலகைகள் மாறின. கொரோனா வந்ததும் அந்த இடைவெளியில்தான். நிரந்தரமானவர் இல்லாத இடத்தில் நிரந்தரமான குற்றவாளியும் இல்லை.

விதி 8: ராஜினாமாவைத் தேர்ந்து செய்யுங்கள்

2014 மே மாதம் செனட் குழுவின் முன் ஆஜரான மறுநாள், அப்போதைய துணைச் செயலாளர் ராபர்ட் பெட்ஸெல் பதவி விலகினார். அந்த ஆண்டு அவர் ஓய்வுபெறுவது முன்பே அறிவிக்கப்பட்டதுதான். அடுத்தவர் பெயர்கூட வந்திருந்தது. எப்படியும் போகவேண்டிய பதவியைத் தியாகம் செய்வதில் ஒரு சிக்கனம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் அமைச்சர் எரிக் ஷின்செக்கியும் போனார். ஃபீனிக்ஸில் 115 நாள் காத்திருந்தவர்களிடம் யாரும் ராஜினாமா கடிதம் கேட்கவில்லை. அவர்களுக்கு விலகப் பதவி எதுவும் இல்லை.

விதி 9: கென்னத் கைஸரைப் பின்பற்றாதீர்கள்

இது கடைசி எச்சரிக்கை. 1994இல் இந்தப் பதவிக்கு வந்த இவர், துறையை 22 வட்டாரங்களாகப் பிரித்தார். மருத்துவமனைப் படுக்கைகளைப் பாதிக்கு மேல் குறைத்து, வீரர்கள் குடியிருக்கும் பக்கமே புறநோயாளி மையங்களைத் திறந்தார். தவறு நடந்தால் மறைக்காமல் எழுதச் சொன்னார். தடுப்பூசி போட்டார்களா, சர்க்கரை நோயாளியின் கண்ணைப் பரிசோதித்தார்களா என்று எண்ணச் சொன்னார். அதாவது நோயாளிக்கு நடந்ததை எண்ணினார். 2003இல் வெளியான ஆய்வில், ஒப்பிட முடிந்த 11 அளவுகோல்களிலும் இந்த அரசு மருத்துவமனைகள் மெடிகேர் காப்பீட்டில் தனியாரிடம் போனவர்களுக்குக் கிடைத்த சிகிச்சையை விஞ்சியிருந்தன.

விளைவு? தங்கள் தொகுதியில் படுக்கை குறைந்ததை நாடாளுமன்ற உறுப்பினர்கள் மறக்கவில்லை. மறுநியமனம் செனட்டில் சிக்கிக்கொள்ள, 1999இல் அவரே விலகிக்கொண்டார்.

கணக்கைப் பாருங்கள். பட்டியலைத் திருத்தினாலும் நாற்காலி போகிறது. சிகிச்சையைத் திருத்தினாலும் நாற்காலி போகிறது. ஆகவே கடைசி விதியை மீறுவது என்று நீங்கள் முடிவெடுத்தால், மேலே உள்ள எட்டையும் கிழித்துப் போட்டுவிடலாம்.