ஒன்றும் நடக்கவில்லை

1982இல் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது, ஆபரேஷன் குறிப்பு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றொரு நினைப்பு எனக்கு. பச்சை மசி, முத்து முத்தான கையெழுத்து, கடைசி வரியில் தவறாமல் ‘அன்ஈவென்ட்ஃபுல்’. நடுவில் கரண்ட் போய் டார்ச் பிடித்திருக்கலாம், ரத்தம் ஒற்றும் மாப் துணிகளின் கணக்கு உதைத்துச் சிஸ்டர் சத்தம் போட, தைக்கவிருந்த வயிற்றை மறுபடி துழாவியிருக்கலாம். கேஸ் ஷீட்டில் மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. கரும்பலகையில் சாக்பீஸ் கோடுகள் ஒருவழியாக ஒத்துப்போனபின், தியேட்டர் வாசலில் நின்று குடித்த அந்தக் கெட்டில் டீயின் ருசி பிறகு எந்த டீயிலும் வாய்க்கவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லின் கீழே நான் புதைத்தவற்றுள் ஒன்று, ஆறாம் கட்டில் பெரியவரின் மூத்திரப் பை. குடலிறக்க ஆபரேஷனில் வெறும் சவ்வு என்று நினைத்துக் கத்திரியை வைத்துவிட்டேன். கூடவே சறுக்கி வந்திருந்தது மூத்திரப் பை. சீஃப் திட்டவில்லை. இரண்டு அடுக்காகத் தைத்தார், கத்தீட்டர் போடச் சொன்னார். நான் வழக்கம்போல அழகாக எழுதி முடித்தேன். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரியவர் கேட்டார்:

“குடல் இறங்குனதுக்கு மூத்திரக் குழா எதுக்கு சாமி?”

நான் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன், பதில் அதில் இருப்பதுபோல. சீஃப் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “தம்பி கை கொஞ்சம் தப்பிப் போச்சு பெரியவரே. மூத்திரப் பையில சின்னக் கிழிசல், தைச்சாச்சு. பத்து நாள் குழாய் இருக்கட்டும்.”

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உழுவுறப்ப மாட்டுக் காலுல கொழு படறதுதான்.” அந்தப் பத்து நாளும் வார்டில் எனக்குப் பெயர் ஏரோட்டி.

எல்லா சீஃபும் அப்படி உட்கார்ந்தார்கள் என்றால் பொய். ‘உள்ளே ஒட்டல் அதிகம்’ என்று பழியை நோயாளியின் வயிற்றின்மீதே போட்டவர்கள்தான் அதிகம். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்றொரு சர்ஜன், 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேர் கணக்கில் 123 பிழைகளை ஒப்புக்கொண்டு அச்சிட்டே வெளியிட்டார் என்று பிற்பாடு படித்தபோது, என் பச்சை மசி நினைவுக்கு வந்து கூசிற்று. காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பேனாவோடு வாயும் மூடிக்கொண்டது.

இப்போது ஓய்வுக்குப் பின் ஒரு தனியார் மருத்துவமனையின் தரக் குழுவில் இருக்கிறேன். டெல்லி உட்பட 8 நகரங்களில் ஆபரேஷனுக்கான 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியலைச் சோதித்ததில் சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது என்ற 2009 கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலுக்காக இங்கே சண்டை போட்டவன் நான்தான். கேலி செய்ய எனக்கு அருகதையில்லை. கத்தி தவறினால் சர்வதேச நோய் வகைப்பாட்டில் அதற்கும் ஒரு குறியீடு உண்டு, ஒய்60.0. போன மாதம் ஓர் இளம் சர்ஜன், கிட்டத்தட்ட என் பழைய தவறையே செய்துவிட்டு, படிவத்தில் ஒன்றையும் ஒளிக்காமல் நிரப்பியிருந்தார். ‘நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டது: ஆம்.’ பெருமையோடு அறைக்குப் போனேன்.

“ஆறு எடத்துல கையெழுத்து வாங்கினாங்க டாக்டர். ஹெர்னியாவுக்கு இந்த டியூப் எதுக்குன்னுதான் தெரியல.”

உட்கார்ந்து சொல்லலாமென்று கட்டிலருகே போனேன். நோயாளியின் கட்டிலில் யாரும் உட்காரக் கூடாது என்று சுவரில் சுற்றறிக்கை. கீழே என் கையெழுத்து, அதே முத்து முத்தாக.